பாண்டாஸ் தொகுப்பும் திருவண்ணாமலைப் பகுதிக் கல்வெட்டுகளும்

பாண்டாஸ் என்பது பைத்தான் கணினி மொழியில் அட்டவணை வடிவிலான தரவுகளைப் படிக்கவும், திருத்தவும், வகை பிரித்து எண்ணவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஆகும். 2008ஆம் ஆண்டு அமெரிக்காவில் பங்குச் சந்தைக் கணக்குகளுக்காக எழுதத் தொடங்கப்பட்ட இது, இன்று மருத்துவம், வானிலை, மொழியியல், வரலாறு எனப் பல துறைகளில் பயன்படுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளைக் கணினியால் எண்ணிப் பார்க்கும் முயற்சி பாண்டாஸுக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அந்த முயற்சியின் வரலாற்றையும், திருவண்ணாமலைப் பகுதிக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு பாண்டாஸில் முதல் அடி எடுத்து வைக்கும் முறையையும் இக்கட்டுரை கூறுகிறது.

கட்டளைகள் எல்லாம் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்யப்பட வேண்டும். இங்கே அவை ஒலிப்பின்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. சொல் பற்றி ஒரு குறிப்பும் தேவை. நம் கணிதப் பாடநூல்களில் கிடைவரிசைக்கு நிரை என்றும் செங்குத்து வரிசைக்கு நிரல் என்றும் பெயர். கணினிப் பாடநூலிலோ நிரல் என்றால் ப்ரோகிராம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இக்கட்டுரையில் நிரல் என்று வரும் இடமெல்லாம் செங்குத்து வரிசையையே குறிக்கும்.

கணினிக்கு முந்தைய அட்டவணை

சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டு அறிஞராக 1886இல் இ. ஹூல்ஷ் நியமிக்கப்பட்டார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. ஆண்டுதோறும் படியெடுத்த கல்வெட்டுகளை அரசன், ஆட்சியாண்டு, மொழி, இருக்குமிடம், செய்திச் சுருக்கம் என்று கட்டம் கட்டி ஆண்டறிக்கைகளில் அச்சிட்டார்கள். அந்த அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். இன்று நாம் தரவு அட்டவணை என்று சொல்வதை அவர்கள் அப்போதே செய்து வைத்திருந்தார்கள். எண்ணுவதற்குத்தான் இயந்திரம் இல்லை.

அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகள் பலவும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8ஆம் தொகுதியில் அச்சாயின. பின்னர் பி. ஆர். சீனிவாசன் அவற்றைப் பதிப்பித்து ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுக்க, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. சோழர், காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வல்லாளன், ஆயிரங்கால் மண்டபமும் பதினொரு நிலைக் கிழக்குக் கோபுரமும் எழக் காரணமான கிருஷ்ணதேவராயர் என்று பல நூற்றாண்டுகளின் அரசியல் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

கோயிலுக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்தவை வேறு வகை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நின்ற நடுகற்கள் அவை. பல்லவர் காலத்தில் ஆநிரைச் சண்டைகளில் இறந்துபட்ட வீரர்களுக்காக வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை அவற்றில் மிகுதி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாக இவற்றை வெளியிட்டது.

கணினியைக் கொண்டு எண்ணும் வேலை இதே 1970களில் தொடங்கியது. ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி எழுத்துகளுக்கு எண் கொடுத்து, 417 குறியீடுகள் கொண்ட பட்டியல் அமைத்து, எந்தக் குறி எந்தக் குறிக்கு அருகில் வருகிறது என்று காட்டும் தொடரடைவை 1977இல் வெளியிட்டார். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி தமிழ் எழுத்துகளையும் கோலங்களையும் கணினிக்குக் கொண்டுவந்தார். ஜப்பானியரான நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி, ஒவ்வொரு பெயரும் எங்கே, எக்காலத்தில் வருகிறது என்று காட்டும் தொடரடைவை மூன்று தொகுதிகளாக 1978இல் மதுரையிலிருந்து வெளியிட்டனர்.

இவர்கள் செய்ததில் மாணவர் கவனிக்க வேண்டியது கணினியை அல்ல, கேள்வியை. கராஷிமாவும் சுப்பராயலுவும் சோழர் காலத்தை 849–985, 985–1070, 1070–1178, 1178–1279 என்று நான்காகப் பிரித்தனர். உடையான், மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன் என்று பெயரின் பின்னே வரும் பட்டங்கள் எந்தக் காலக்கூறில் கூடுகின்றன, எதில் குறைகின்றன என்று எண்ணினர். தனிக் கல்வெட்டு ஒன்று சொல்லாத செய்தியை, அதாவது நிலம் யார் கையில் இருந்தது, அது எப்படிக் கைமாறியது என்பதை, ஆயிரக்கணக்கான பெயர்களின் கூட்டத்திலிருந்து கேட்டுப் பெற்றார்கள். பாண்டாஸில் 'குரூப்பை' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு நிரலைச் சொன்னால் அதன்படி நிரைகளைக் குழுவாக்கித் தரும். காலக்கூறு என்ற நிரலைச் சொல்லிக் 'குரூப்பை' என்று எழுதுவது, அவர்கள் அன்று மாதக்கணக்கில் செய்த வேலையின் ஒரு வரி வடிவம்தான்.

நன்றாகக் கட்டிய அட்டவணை, அதை முதலில் எண்ணிய இயந்திரத்தைவிட நெடுநாள் வாழும். மகாதேவனின் 1977ஆம் ஆண்டுத் தரவை வைத்துக்கொண்டு 2009இல் ராஜேஷ் ராவ், நிஷா யாதவ், மயங்க் வாஹியா முதலியோர் சிந்துவெளி எழுத்தின் ஒழுங்கை அளந்து, மகாதேவனையும் உடனாசிரியராகக் கொண்டு 'சயின்ஸ்' ஆய்விதழில் கட்டுரை எழுதினர்.

பங்குச் சந்தையில் பிறந்த கருவி

பைத்தானை நெதர்லாந்தில் குயிடோ வான் ராசம் உருவாக்கி 1991இல் வெளியிட்டார். பெயர் வந்தது மலைப்பாம்பிலிருந்து அல்ல, 'மான்டி பைத்தான்' என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழுவிலிருந்து. எண் வரிசைகளை விரைவாகக் கையாளும் நம்பை தொகுப்பை டிராவிஸ் ஒலிஃபன்ட் 2006இல் நிலைபெறச் செய்தார். 2008இல் ஏ.க்யூ.ஆர். என்ற நிதி நிறுவனத்தில் பணியாற்றிய வெஸ் மெக்கின்னி, அதன் மேல் பாண்டாஸை எழுதத் தொடங்கினார். 2009 முடிவதற்குள் அது பொதுவெளிக்கு வந்துவிட்டது. இந்தப் பெயருக்கும் பாண்டா கரடிக்கும் தொடர்பில்லை. ஒரே ஆட்களையோ நிறுவனங்களையோ பல காலப்புள்ளிகளில் அளந்து வைத்த தரவுக்குப் பொருளியலில் 'பேனல் டேட்டா' என்று பெயர். அதன் சுருக்கம்தான் பாண்டாஸ். பாம்பும் இல்லை, கரடியும் இல்லை என்று சொன்னால் வகுப்பில் சிறு ஏமாற்றம் தெரியும்.

டேட்டாஃப்ரேம் என்ற அட்டவணை வடிவம்தான் பாண்டாஸின் அச்சாணி. புள்ளியியலுக்கான எஸ் மொழியிலும் அதன் வழிவந்த ஆர் மொழியிலும் இருந்த கருத்து அது. டேட்டாஃப்ரேமின் ஒரு நிரலைத் தனியாக எடுத்தால் அது சீரீஸ். இந்த இரண்டு சொற்கள் விளங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல.

பிறந்த இடத்தின் வாசனை கருவிக்கும் உண்டு. பாண்டாஸ் தேதிகளை 1970ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நானோ நொடிகளாக எண்ணி, 64 பிட் கொண்ட ஒரே எண்ணில் வைத்துக்கொள்ளும். பங்கு வாங்கல் விற்றலுக்கு அந்த நுணுக்கம் தேவை. ஆனால் அவ்வளவு நுணுக்கமாக எண்ணினால் முன்னும் பின்னும் சுமார் 292 ஆண்டுகள்தான் கொள்ளும். ஆகவே 1677க்கு முந்தைய தேதி எதையும் அது ஏற்காமல் பிழை காட்டும். சோழரும் பல்லவரும் மட்டுமல்ல, கிருஷ்ணதேவராயரும் அந்தக் கடிகாரத்துக்கு வெளியே நிற்கிறார். 2023இல் வந்த 2.0 பதிப்பு நொடிக் கணக்கில் தேதி வைக்க இடம் தந்து இந்தத் தடையைத் தளர்த்தியது. ஆனாலும் கல்வெட்டு வேலைக்கு ஆண்டை வெறும் முழு எண்ணாக வைப்பதே நல்லது. நாள், திங்கள் தெரியாத கல்லுக்கு ஜனவரி 1 என்று தேதி போட்டால் அது பொய்த் தகவல்.

முதல் அட்டவணை

தொடங்குவதற்குச் சொந்தக் கணினிகூடக் கட்டாயமில்லை. கூகுள் கோலாப் என்ற இணையப் பக்கத்தில் பைத்தானும் பாண்டாஸும் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும். உலாவியில் திறந்து தட்டச்சு செய்யலாம். சொந்தக் கணினி உள்ளவர் பைத்தானை நிறுவி, 'பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்' என்று ஒரு வரி கொடுத்தால் போதும். எந்தக் கோப்பிலும் முதல் வரி 'இம்போர்ட் பாண்டாஸ் ஆஸ் பிடி'. பாண்டாஸைக் கொண்டுவா, அதை இனி பிடி என்று அழைக்கிறேன் என்பது பொருள்.

அட்டவணையைக் கணினியில் தொடங்க வேண்டாம், நோட்டில் கோடு போட்டுத் தொடங்குங்கள் என்பேன். செங்கம் வட்டார நடுகற்களில் புகழ்பெற்ற எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளுக்கான சண்டையில் இறந்துபட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். இதை ஒரு நிரையாக எழுதினால் ஊர், அரசன், ஆட்சியாண்டு, வீரன், சண்டைக் காரணம் என்று ஐந்து நிரல்கள் கிடைக்கும்.

ஆனால் அந்தக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாகப் பொறித்திருக்கிறார்கள். ஐந்து நிரலில் நாய்க்கு இடமில்லை. நாம் நிரல் போடாததெல்லாம் எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும். பிறகு எத்தனை கட்டளை கொடுத்தாலும் திரும்பி வராது. இதற்காக ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நாய் நிரல் போட முடியுமா என்றால், முடியாது. குறிப்பு என்று கடைசியில் ஒரு நிரல் வைத்து, மற்றவற்றில் அடங்காததை அதில் எழுதி வைப்பதே நாங்கள் கண்ட வழி. பல கற்களில் விலங்கு வரத் தொடங்கினால் அன்றைக்கு அதைத் தனி நிரலாக்கலாம்.

அடுத்த சிக்கல் அரசன் பெயர். கல்லில் மயிந்திரபருமன், நூல்களில் மகேந்திரவர்மன். கல்லில் உள்ளபடி ஒரு நிரலும், ஆய்வுக்காக ஒருமைப்படுத்திய வடிவத்துக்கு இன்னொரு நிரலும் வேண்டும். முதல் நிரலை ஒருபோதும் திருத்தக் கூடாது. மாவட்டமும் அப்படியே. 1972ஆம் ஆண்டு நூல் இந்த ஊர்களை வட ஆற்காடு மாவட்டத்தில் வைக்கிறது. 1989இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் அவை திருவண்ணாமலையில். இரண்டு காலத்து நூல்களிலிருந்து தரவு எடுத்தால் ஒரே ஊர் இரண்டு மாவட்டங்களில் நிற்கும். சோழர் கல்வெட்டு சொல்லும் அண்ணாநாடு வேறு ஒரு நிரல்.

இந்த அட்டவணையை விரிதாளில் தட்டச்சு செய்து சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, 'பிடி டாட் ரீட் சிஎஸ்வி' என்று கோப்பின் பெயரைக் கொடுத்தால் டேட்டாஃப்ரேம் தயார். 'ஹெட்' முதல் ஐந்து நிரைகளைக் காட்டும். 'ஷேப்' எத்தனை நிரை, எத்தனை நிரல் என்று சொல்லும். 'வேல்யூ கவுண்ட்ஸ்' ஒரு நிரலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தரும். முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் நாள் ஆட்சியாண்டைக் கிறித்து ஆண்டாக மாற்றலாம். இதை ஒவ்வொரு கல்லுக்கும் கையால் கணக்கிட்டு எழுதிவிடக் கூடாது. அரசர்கள் என்று இன்னொரு சிறு அட்டவணை செய்து, ஒவ்வோர் அரசனும் பட்டமேறிய ஆண்டை அதில் மட்டும் எழுத வேண்டும். முதலாம் இராசராசனுக்கு 985. அவனுடைய 29ஆம் ஆண்டு 1013–14 என்று வரும். 'மெர்ஜ்' என்ற கட்டளை இரண்டு அட்டவணைகளையும் அரசன் பெயரால் இணைக்கும். பட்டமேறிய ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் அந்தக் கல்லின் காலம், ஓராண்டு முன்பின்னாக. ஆயிரம் கல் இருந்தாலும் ஒரே வரி.

இதன் பயன் எடுத்தனூரில் தெரிகிறது. மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலம் 600–630 என்றுதான் நம் பாடநூல்களில் நெடுங்காலம் இருந்தது. நானும் கரும்பலகையில் அப்படித்தான் எழுதிப் போட்டேன். 600இல் பட்டமேறியவனின் 34ஆம் ஆண்டு 633இல் விழும். 630இல் முடிந்துபோன ஆட்சிக்கு 633இல் கல் எப்படி? வயலோரம் நின்ற ஒரு கல் பாடநூலின் ஆண்டை ஏற்க மறுக்கிறது. தொடக்க ஆண்டைப் பின்னோக்கித் தள்ளி 590 என்று கொண்டால் கல் 623இல் பொருந்துகிறது. அரசர்கள் அட்டவணையில் 600ஐ அழித்து 590 என்று மாற்றி மறுபடி இயக்கினால் மகேந்திரனின் கற்கள் எல்லாம் ஒருசேர நகரும். இப்படி முரண்படும் நிரைகளை மட்டும் வடிகட்டி எடுக்கவும் பாண்டாஸில் ஒரு வரிதான்: கணக்கிட்ட ஆண்டு, ஆட்சி முடிந்த ஆண்டைவிடப் பெரிதாக உள்ளவற்றைக் காட்டு. அப்படி வெளிவரும் நிரைகள் தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம், வரலாற்றுச் செய்தியாகவும் இருக்கலாம். நூலைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

தமிழ் எழுத்து தரும் இடர்கள்

1970களில் கல்வெட்டுப் பெயர்களை உரோமன் எழுத்தில்தான் கணினிக்குக் கொடுக்க முடிந்தது. தமிழ் யூனிகோடு 1991இலேயே வந்துவிட்டாலும், பைத்தான் தன் எல்லாச் சரங்களையும் யூனிகோடாகக் கொண்டது 2008 இறுதியில் வந்த மூன்றாம் பதிப்பில்தான். இன்று தமிழிலேயே நிரல் தலைப்பு வைத்து வேலை செய்யலாம். ஆனால் சில பள்ளங்கள் உண்டு.

அண்ணாமலை என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். பைத்தானின் 'லென்' எட்டு என்கிறது. புள்ளியையும் துணைக்காலையும் ஐகாரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ் முறைப்படி எழுத்துகளைப் பிரிக்க, முத்து அண்ணாமலை முதலியோர் எழுதிய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பு உதவும். அகரவரிசையிலும் இதே கதைதான். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகரத்துக்கு முன்னால் இருப்பதால் பாண்டாஸ் வரிசைப்படுத்தித் தரும் பட்டியல் நம் அகராதி வரிசையில் இராது.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்று இருக்கிறது. கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணும்போது இரண்டு அரசர்கள்! 'வேல்யூ கவுண்ட்ஸ்' பட்டியலில் ஒரே பெயர் இரு முறை வந்தால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். 'எஸ்டிஆர் டாட் நார்மலைஸ்' என்ற கட்டளைக்கு 'என்எஃப்சி' என்று கொடுத்தால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பாமினி, டிஸ்கி முதலிய பழைய எழுத்துருக்களில் அச்சுக்கோத்த கோப்பாக இருந்தால் பாண்டாஸுக்குக் கொண்டுவரும் முன்பே யூனிகோடாக மாற்றிவிட வேண்டும்.

தமிழ் எண்கள் ஒரு வேடிக்கை. கோப்பில் ௩௪ என்று எழுதியிருந்தால் பாண்டாஸ் அதை எழுத்தாகவே கொள்ளும். பைத்தானின் 'இண்ட்' என்ற கட்டளைக்கு அதே ௩௪ஐக் கொடுத்தால் முப்பத்து நான்கு என்று சரியாக மாற்றித் தரும். ஆனால் கல்வெட்டில் அப்படி எழுதுவதில்லை. மூன்று, பத்து, நான்கு என்று ௩௰௪ என எழுதுவார்கள். பத்துக்கு உரிய ௰ குறியைக் கண்டதும் 'இண்ட்' பிழை காட்டி நின்றுவிடும். அதற்குச் சிறு மாற்றி ஒன்றை நாமே எழுத வேண்டும். பத்து வரிக்குள் அடங்கும் நல்ல பயிற்சி.

சொல் தேடுவதிலும் கவனம் வேண்டும். ஆநிரைக்குத் தொறு என்பது நடுகற்களின் சொல். 'எஸ்டிஆர் டாட் கன்டெயின்ஸ்' கொண்டு தொறு என்று தேடினால் மாட்டு மந்தை வரும். கோயில் கல்வெட்டில் ஆண்டுதொறும் என்று பதிப்பித்திருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

வெற்றிடம்

உடைந்த கல்லில் படிக்க முடியாத இடத்தை அட்டவணையில் எப்படிக் காட்டுவது? நான் தடுமாறியது இங்கேதான். ஓய்வு பெற்ற பின் மாணவர் நால்வரோடு கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடைகளை அட்டவணைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது சோழர் காலத்தில் பரவலான அளவு. 90 என்று வருவதும் உண்டு. எண் சிதைந்த கல்லுக்கு, கட்டம் வெறுமையாக இருந்தால் கணினி கோபித்துக்கொள்ளும் என்று எண்ணி, 0 என்று போட்டுவிட்டேன். இரண்டு கல்லில் 96, ஒரு கல்லில் சிதைவு. சராசரி கேட்டால் 64 என்று வந்தது. நானும் அதைத் தாளில் எழுதிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், அறுபத்துநாலு ஆடுன்னு எந்தக் கல்லுல சார் இருக்கு?”

எந்தக் கல்லிலும் இல்லை. தெரியாது என்பதை இல்லை என்று எழுதியதால் வந்த 64 அது. 64 என்பது நம்பத்தக்க எண்ணாகத் தோன்றுவதுதான் இதில் ஆபத்து. 3 என்று வந்திருந்தால் நானே பிடித்திருப்பேன்.

கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டால் பாண்டாஸ் அதை 'என்ஏஎன்' என்று குறித்துக்கொள்ளும். சராசரி எடுக்கும்போது அதை விட்டுவிட்டு 96 என்றே தரும். 'ஈஸ் என்ஏ' கட்டளை எங்கெல்லாம் வெற்றிடம் உள்ளது என்று காட்டும். வெற்றிடம் உள்ள நிரலில் முழு எண்கள் 96.0, 34.0 என்று புள்ளியோடு மாறித் தோன்றும். 'என்ஏஎன்' என்பது தசம எண் வகையைச் சேர்ந்தது என்பதால் நிரல் முழுவதும் அவ்வகையாகிவிடுகிறது. 2019இல் வந்த 0.24 பதிப்பு முதல், நிரலின் வகையைப் பெரிய ஐ எழுத்தில் தொடங்கும் 'இண்ட்64' என்று குறிப்பிட்டால் வெற்றிடமும் முழு எண்ணும் ஒரே நிரலில் இருக்கலாம்.

வெற்றிடத்திலும் வகை உண்டு. கல் உடைந்ததால் தெரியாதது ஒன்று. எழுத்து இருந்தும் பதிப்பாசிரியருக்குப் படிக்க இயலாதது ஒன்று. கல்வெட்டு சொல்லவே சொல்லாதது ஒன்று. பாண்டாஸுக்கு மூன்றும் ஒன்றே. வரலாற்று மாணவருக்கு அப்படியல்ல. எனவே நிலை என்று ஒரு நிரல் வைத்து, உடைவு, ஐயம், குறிப்பில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதி வருகிறோம். கூடுதல் வேலைதான்.

எண்ணிக்கை சொல்லாதது

கோயில் கல்வெட்டு அட்டவணையைக் காலவாரியாகக் குழுவாக்கினால் சில நூற்றாண்டுகள் உயர்ந்தும் சில தாழ்ந்தும் தெரியும். உடனே, உயர்ந்த காலத்தில் கோயில் செழித்தது, தாழ்ந்த காலத்தில் நலிந்தது என்று எழுதத் தோன்றும். பொறுக்க வேண்டும். திருப்பணிக்காகப் பழைய சுவர் பிரிக்கப்பட்டால் அதிலிருந்த கல்வெட்டும் போகும். கல் இடம் மாறித் துண்டுகளாக வேறு சுவரில் ஏறும். ஒரே கல்வெட்டின் இரு துண்டுகள் இரண்டு நிரைகளாக அட்டவணையில் உட்காரும். அட்டவணை எண்ணுவது எழுதப்பட்டவற்றை அல்ல, எஞ்சியவற்றில் படியெடுக்கப்பட்டு அச்சானவற்றை மட்டும். இதே காரணத்தால் ஒவ்வொரு நிரையிலும் எந்த நூல், எந்தத் தொகுதி, எந்த எண் என்ற நிரல் இருக்க வேண்டும். அது இல்லாத அட்டவணையை நான் வாங்கிக்கொள்வதில்லை. பள்ளியில் விடைத்தாளில் வழிமுறை காட்டாத கணக்குக்கு மதிப்பெண் குறைத்த பழக்கம் போகவில்லை.

வேலை முடிந்ததும் 'டு சிஎஸ்வி' கட்டளையால் அட்டவணையைக் கோப்பாக்கிச் சேமிக்கலாம். குறிமுறை என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுக்க மறக்க வேண்டாம். அதை விட்டுவிட்டால், அதே கோப்பை எக்செல்லில் திறக்கும் நண்பருக்குக் கருந்தேவக்கத்தியும் கோவிவனும் புரியாத குறிகளாகத் தெரிவார்கள்.